பிளேன் சத்தத்துக்குப் போட்ட கண்ணாடி

ஹவுன்ஸ்லோ,
5.3.1991, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் கிறிஸ்துராஜாவுக்கு, மடு மாதாவின் காவல் எந்நேரமும் உன்னோடு இருக்க வேண்டும் என்று மன்றாடிக்கொண்டு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், தங்கச்சி டொலறஸும் சுகம், நீயும் அந்தப் பனி ஊரில் கை கால் விறைக்காமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தை மாதம் நீ போட்ட கடிதமும் இரண்டு படமும் கிடைத்தன. படத்தில் மெலிந்து தெரிகிறாய், மீன் பக்டரியில் வேலை செய்கிறவன் மீனாவது வயிறாரத் தின்ன வேண்டாமா. பதில் போட ஒன்றரை மாதம் ஆகிவிட்டது, கோபிக்காதே, சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, அரைகுறையாக எழுத மனம் வரவில்லை. இன்றைக்கு எனக்கு ஷிப்ட் இல்லை, குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். வெளியில் இன்னும் கூதல்தான், ஆனால் நான் ஒரு சட்டையும் மெல்லிய ஸ்வெற்றரும் மட்டும் போட்டிருக்கிறேன், காலில் கம்பளி மேஸ்கூட இல்லை.

முதலில் ஒரு குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டும், தவக்காலமும் தொடங்கிவிட்டது. சவுத்தாலில் இருந்த இரண்டு குளிர்காலமும் நான் உனக்கு எழுதின கடிதங்களில் எல்லாம் அறை நல்ல சூடாக இருக்கிறது, ஒன்றுக்கும் யோசிக்காதே என்று எழுதினேன். அது பொய். மாடிப் பின்னறை யன்னலின் மரம் உக்கிப் போய் இருந்தது, காற்று வரும் இடமெல்லாம் பழைய பேப்பரைச் சுருட்டிச் செருகி வைத்திருந்தேன். காலையில் எழும்பினால் கண்ணாடியின் உட்பக்கத்தில் ஐஸ் பிடித்திருக்கும், அது கரைந்து சுவர் வழியே ஓடி, கட்டில் தலைமாட்டில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்தது, பிளீச் போட்டுத் துடைத்தாலும் ஒரு கிழமையில் திரும்ப வந்துவிடும். மண்ணெண்ணெய் ஹீட்டரைக் கொளுத்தினால் தலையிடி, நூர்த்தால் நடுக்கம். கோட்டைப் போட்டுக்கொண்டே படுப்பேன். அப்பத்துக்குக் கரைத்த மா மூன்று நாள் வைத்தாலும் புளிக்காமல் சும்மா கிடக்கும். எயார்போட்டில் துப்புரவு வேலை பாரமான வேலைதான், ஆனால் அங்கேதான் எனக்குச் சூடு கிடைத்தது, ஷிப்ட் முடிந்த பிறகும் ஒரு மணித்தியாலம், ஆரையோ கூட்டிக்கொண்டு போக வந்த ஆள் மாதிரி, பயணிகள் வெளியே வரும் இடத்தில் வாங்கில் குந்தியிருந்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். நீ அங்கிருந்து, வெளியில் மைனஸ் பதினைந்து ஆனால் வீட்டுக்குள் பெனியனோடு இருக்கிறோம் என்று எழுதியபோது, இவனும் என்னைப்போலப் பொய் எழுதி என்னைச் சமாதானப்படுத்துகிறான் என்றுதான் நினைத்தேன். இப்போது நம்புகிறேன். எங்களுக்கும் அப்படி ஒரு வீடு கிடைத்திருக்கிறது, அது கிடைத்த கதையையும் அதில் அப்பா பட்ட பாட்டையும்தான் இந்தக் கடிதத்தில் எழுதப்போகிறேன்.

ஐப்பசியில் அப்பா ஊரிலிருந்து வந்து சேர்ந்த அன்று உன்னோடு ரெலிபோனில் கதைத்தார், அதற்குப் பிறகு கதைக்கச் சொன்னால் தொண்டை சரியில்லை என்பார் என்று நீ குறைப்பட்டு எழுதியிருந்தாய். தொண்டை சரியில்லை என்பது உண்மைதான் மகன். மன்னார்த் தண்ணீர்ச் சபையில் முப்பது வருஷம் குழாய் பொருத்தி, வெயிலென்றும் மழையென்றும் பாராமல் வெட்டிய கிடங்குக்குள் நின்ற மனுஷன், அந்த அறைக்கு வந்து மூன்றாம் கிழமை இருமத் தொடங்கினார். பிறகு காய்ச்சல், பிறகு நெஞ்சில் சளி கட்டி நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். டொலறஸ் நேர்ஸிங் ஹொஸ்டலில் இருந்து ஓடி வந்து டொக்டரோடு இங்கிலிஷில் கதைத்தாள். டொக்டர் நெஞ்சைப் பற்றிக் கேட்டதைவிட அறையைப் பற்றித்தான் அதிகம் கேட்டாராம், சுவர் ஈரமா, எதால் சூடாக்குகிறீர்கள் என்று. கடைசியில், அந்த அறைக்குத் திரும்பிப் போனால் இந்த மருந்தால் பிரயோசனம் இல்லை என்று சொல்லிவிட்டார். டொலறஸ் அதை எனக்குச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கும் அந்த அறை தெரியும்தானே, அங்கேதான் அவளும் ஒரு வருஷம் படித்தாள்.

வீட்டைப் பற்றிச் சொன்னது லூர்தம்மா. தமிழ்ப் பூசைக்கு நான் பஸ் ஏறிப் போகும் ஹவுன்ஸ்லோக் கோயிலில் எனக்குப் பக்கத்தில் இருக்கிறவ, முழங்கால் வருத்தக்காரி, உனக்கு முந்தி எழுதியிருக்கிறேன். ஹவுன்ஸ்லோவில் கிறிஸ்துநாயகம் என்று எங்கள் பக்கத்து ஆள், பேசாலை ஊர்க்காரர், பிளேனில் கொடுக்கும் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை, மனைவி காலமாகித் தனிய மேலே இருக்கிறார், கீழ் வீட்டை நல்ல சனத்துக்குக் கொடுக்க யோசிக்கிறார் என்றா. பிறகு, ஒரு குறைதான் இருக்கு, பிளேன் இறங்கிற பாதைக்கு நேர கீழ என்றா. எனக்கு அந்த இடத்திலேயே மனம் விழுந்துவிட்டது. ஊரில் ஆனி மாதம் திரும்பச் சண்டை தொடங்கிய பிறகு அப்பா எத்தனை நாள் பிளேன் சத்தத்துக்குப் பதுங்கு குழிக்குள் கிடந்தார் என்று அவர் வாயால் சொன்னதே இல்லை, மடுக் கோயில் வளவில் அவரோடு அகதியாக இருந்த ஆட்கள் சொல்லித்தான் தெரியும். சவுத்தாலிலும் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் கரண்டியை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருப்பார். ஆனாலும் வேறு வீடு இல்லை, டொக்டர் சொன்னதும் காதுக்குள் நிற்கிறது. ஆகவே பிளேன் விஷயத்தை அவருக்கு மறைத்துத்தான் வீடு பார்க்கக் கூட்டிப் போனேன். நான் செய்தது பிழை.

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை, பஸ்ஸால் இறங்கி அந்தத் தெருவுக்குள் திரும்பியதும் ஒன்று வந்தது. சில்லு எல்லாம் வெளியே விட்டபடி, யன்னல்களை எண்ணலாம் போன்ற உயரத்தில், தெருவே அதிருகிறது. நான் திரும்பிப் பார்ப்பதற்கு முன் அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிலத்தில் விழுந்துவிட்டார். ஒரு வீட்டு முன்மதிலோடு ஒட்டி, என்னைக் கீழே போட்டு, என் தலைக்கு மேல் தன் கையை வைத்துப் பொத்திக்கொண்டு கிடந்தார். சத்தம் போய்க் கனநேரமாகியும் கையை எடுக்கவில்லை. அந்த வீட்டு வெள்ளைக்காரக் கிழவி கதவைத் திறந்து வெளியே வந்து பார்த்துக்கொண்டு நின்றா. எனக்கு முழங்கால் உரசி இரத்தம், புதுக் கோட்டெல்லாம் சேறு. எழும்பினவுடன் அப்பா என்னிடம், "எங்க கூட்டிக்கொண்டு வந்தனி என்னை? உனக்குத் தெரியும்தானே? தெரிஞ்சுகொண்டுதானே கூட்டிக்கொண்டு வந்தனி?" என்றார். நான் ஓம் என்றேன். "ஏலாது. இருமி இருமிச் செத்தாலும் சவுத்தாலில சாகிறன், இதுக்குக் கீழ என்னால இருக்கேலாது" என்று சொல்லித் திரும்பி நடந்தார். நாப்பது வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

கிறிஸ்துநாயகம் வாசலில் நின்று எல்லாவற்றையும் கண்டிருக்கிறார். அவர் ஓடி வந்து மறிக்கவில்லை, அது இல்லை இது இல்லை என்று சமாதானம் சொல்லவும் இல்லை. "அண்ணை, இவ்வளவு தூரம் வந்திட்டியள், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு" என்று மட்டும் சொன்னார். அப்பா மரியாதைக்காக உள்ளே வந்தார், கோட்டைக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தார். கிறிஸ்துநாயகம் கதவைச் சாத்தினார். சாத்தினதும் மகன், காதுக்குள் பஞ்சு வைத்தது மாதிரி ஒரு அமைதி வந்தது. யன்னலைப் பார்த்தால் ஒன்றுக்கு உள்ளே இன்னொன்றாக இரண்டு யன்னல், இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் அளவுக்கு இடைவெளி. எயார்போட்டுக்குக் கிட்ட இருக்கும் வீடுகளுக்குச் சத்தத்துக்காக இப்படிப் போட்டுக் கொடுத்தார்களாம், கூரைக்குக் கீழே லொவ்ட் என்கிற இடத்திலும் கண்ணாடிப் பஞ்சு மெத்தை மாதிரித் தடிப்பாக விரித்திருக்கிறார்களாம். சத்தத்துக்குப் போட்டதுதான், ஆனால் சத்தம் வர முடியாத இடத்தால் கூதலும் வர முடியாதுதானே. கொஞ்ச நேரத்தில் எனக்கு வேர்த்தது, கோட்டைக் கழற்றினேன். அப்பா இரண்டாவது தேத்தண்ணீரும் குடித்துவிட்டு, மெதுவாக, "இனி அடுத்தது எப்ப வரும்?" என்று கேட்டார். கிறிஸ்துநாயகம், "நீங்கள் வந்து இருந்தாப் பிறகு ஒரு எட்டு ஒன்பது போயிருக்கும் அண்ணை" என்றார். அப்பா நம்பவில்லை. அவர் அப்பாவை யன்னலடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். ஒன்று வீட்டுக்கு மேலால் போனது, காணக் கிடைத்தது, ஆனால் பக்கத்து வீட்டில் ஆரோ கிறைண்டர் போட்டது போல ஒரு இரைச்சல் மட்டும்தான். அப்பா நிறைய நேரம் அந்த இடத்திலேயே நின்றார். பிறகுதான் கோட்டைக் கழற்றினார்.

மார்கழி முதல் கிழமை வந்து குடியேறினோம். இந்த வீட்டுச் சூட்டை உனக்கு எப்படிச் சொல்வது, நீ பழகிப் போயிருப்பாய். யன்னல் காலையில் காய்ந்திருக்கிறது, துடைக்கத் துணி தேவையில்லை. பின்னேரம் றேடியேற்றரை நிற்பாட்டினாலும் படுக்கும் வரைக்கும் சூடு வீட்டைவிட்டுப் போகாது. உடுப்புத் தோய்த்து உள்ளே போட்டால் மறுநாள் எடுக்கலாம். முதல் கிழமை பழைய பழக்கத்தில் அப்ப மாவைக் கரைத்துப் பொயிலருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன், வந்து பார்த்தால் பொங்கிச் சட்டியால் வழிந்து தட்டெல்லாம் ஓடியிருக்கிறது, நின்று சிரித்தேன். அப்பாவின் இருமல் பாலன் பிறந்த நத்தாருக்கு முன்னரே குறைந்து, தை பிறக்க நின்றேவிட்டது. குறை என்று சொன்னால் ஒன்றுதான், கருவாடு பொரித்தால் மணம் மூன்று நாளைக்கு வெளியே போக வழி தெரியாமல் வீட்டுக்குள் சுற்றும், மேலிருந்து கிறிஸ்துநாயகம், "அக்கா, எனக்கும் ஒரு துண்டு" என்று கேட்பார்.

ஆனால் அப்பா வெளியே போகவில்லை மகன். வந்த நாளிலிருந்து வாசற்படி தாண்டவில்லை. கடைக்கு இல்லை, கோயிலுக்கு இல்லை, நத்தார்ப் பூசைக்கும் வரவில்லை, நானும் டொலறஸும்தான் போனோம். தையில் வளைகுடாச் சண்டை தொடங்கி ரீவியில் எந்நேரமும் பிளேனும் குண்டும் காட்டினார்கள், நான் வயரைப் பிடுங்கி அலுமாரிக்குள் வைத்தேன். சாப்பிடுவார், செபம் சொல்வார், கிறிஸ்துநாயகத்தின் பழைய தண்ணீர்க் குழாய்களை எல்லாம் கழற்றித் திருத்தித் திரும்பப் பூட்டினார், மற்ற நேரம் யன்னலடியில் இருந்து சத்தமில்லாமல் போகும் பிளேன்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் கிறிஸ்துநாயகம் வீடு பிடித்திருக்கோ என்று கேட்க, "நல்ல பங்கர் தம்பி. இப்பிடி ஒண்டு அங்க இருந்திருந்தா எத்தனை சனம் தப்பியிருக்கும்" என்றார். அவர் புகழ்ந்துதான் சொன்னார். சவுத்தாலில் இருமிக்கொண்டாவது என்னோடு கடைத்தெருவுக்கு வந்தவர், நான் தேடிப் பிடித்த நல்ல வீடுதான் அவரை உள்ளே போட்டுப் பூட்டிவிட்டது என்று யோசித்தேன். டொலறஸ் டொக்டரிடம் காட்டலாம் என்றாள், அவர் மாட்டேன் என்றார்.

மாசி எட்டாம் திகதி வெள்ளிக்கிழமை பெரிய ஸ்னோ கொட்டியது, உங்கள் ஊர்க் கணக்கில் அது ஒன்றும் இல்லாமல் இருக்கும், ஆனால் லண்டன் அப்படியே படுத்துவிட்டது. பஸ் இல்லை, நான் வேலைக்குப் போகவில்லை. அன்று காலை ஒரு பிளேனும் பறக்கவில்லை. அப்பா யன்னலடியில் நின்று வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கிறிஸ்துநாயகத்தின் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு ஸ்னோ வெட்டச் சவளையும் எடுத்து வெளியே போய்விட்டார். ஒன்பது கிழமைக்குப் பிறகு. எங்கள் வாசலை வெட்டி முடித்துப் பக்கத்து வீட்டு வாசலையும் வெட்டினார். அது அந்தக் கிழவியின் வீடு, நாங்கள் விழுந்து கிடந்த மதிலும் அதுதான். பெயர் மிஸஸ் பெல்லமி, எண்பது வயதுக்கு மேல். சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தவ கோட்டும் தொப்பியும் கையுறையும் போட்டபடி நின்றா, வெளியே போக அல்ல, வீட்டுக்குள் இருக்கவே அப்படித்தான் இருக்கிறா. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கையால் காட்டினா. அப்பா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம், "மேலே குழாய் உறைஞ்சுபோச்சு. அந்த வீடு எங்கட சவுத்தால் அறைதான் மேரி, அப்பிடியே அச்சு. அந்த மனுசியை இஞ்ச கூட்டிக்கொண்டு வா" என்றார்.

கூட்டி வந்து குசினியில் இருத்தினேன். முதலில் கையுறையைக் கழற்றினா, பிறகு தொப்பி, பிறகு கோட், பிறகு ஒரு ஸ்வெற்றர், அதற்குள் இன்னொன்று, கடைசியில் பார்த்தால் சின்னக் குருவி அளவு மனுசி. சூப் கொடுத்தேன், மிளகு கூடிவிட்டது, கண்ணால் தண்ணீர் ஓட ஓடக் குடித்தா. கிறிஸ்துநாயகம் மொழிபெயர்த்தார். சத்தத்துக்குக் கண்ணாடி போட வந்தபோது அவவின் புருஷன் செத்து ஒரு மாதம்தானாம், வீட்டுக்குள் அந்நிய ஆட்கள் ஏறி மிதிப்பதற்கு மனம் வராமல் திருப்பி அனுப்பிவிட்டாவாம், பிறகு ஒருவரும் வந்து கேட்கவில்லையாம். பிளேன் சத்தம் பழகிவிட்டது, கூதல் மட்டும் பழகவே இல்லை என்றா. நாலு நாள் பகலில் எங்களோடு இருந்து, படுக்க மட்டும் சுடுதண்ணீர்ப் போத்தலோடு தன் வீட்டுக்குப் போவா. இங்கேயே படுக்கச் சொன்னோம், கேட்கவில்லை. இதற்குள் பிளேன்கள் பறக்கத் தொடங்கிவிட்டன, அப்பாவும் சவளைச் சுவரில் சாத்திவிட்டுப் பழையபடி உள்ளே வந்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை, பதினாறாம் திகதி, காலை பத்து மணி இருக்கும், ஸ்னோ கரையத் தொடங்கியிருந்தது, எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுச்சுவரில் படபடவென்று ஆரோ அடிக்கும் சத்தம். மிஸஸ் பெல்லமிதான். அப்பா என்ன ஏதென்று கேட்கவில்லை, "குழாய் வெடிச்சிட்டுது" என்று சொல்லிக்கொண்டு கோட்டும் இல்லாமல் சேட்டோடு ஓடினார், நானும் கிறிஸ்துநாயகமும் பின்னால் ஓடினோம். மேல்மாடிச் சீலிங்கால் தண்ணீர் கொட்டுகிறது, கட்டிலும் நனைந்து புருஷனின் படமும் நனைந்து கிழவி வாளியோடு நிற்கிறா. அப்பா ஏணியை வைத்து லொவ்ட்டுக்குள் தலையையும் உடம்பையும் நுழைத்தார். தண்ணீர்த் தாங்கிக்கு வரும் குழாய் வளைவில் பிளந்து அடிக்கிறது, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, "தம்பி, கீழ போய் மெயினைப் பூட்டு! சிங்குக்குக் கீழ பார்!" என்று கத்தினார். நான் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அவருடைய இரண்டு காலும் மட்டும்தான் தெரிந்தன.

அப்போது ஒன்று வந்தது. அந்த லொவ்ட்டில் பஞ்சும் இல்லை ஒன்றும் இல்லை, ஓட்டுக்கும் அவர் தலைக்கும் ஒரு முழம் இருக்காது. கீழே நின்ற எனக்கே நெஞ்சு அதிர்ந்தது, ஓடுகள் கடகடவென்று ஆடின. அப்பாவின் கால் இரண்டும் நடுங்கத் தொடங்கின, ஏணி முழுவதும் நடுங்கியது, நான் என் பாரம் முழுவதையும் அதில் போட்டு நின்றேன். விழப்போகிறார், குதிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். சத்தம் போன பிறகு மேலேயிருந்து, "மேரி, நிக்கிறியோ?" என்று கேட்டார். "ஓம், இஞ்சதான் நிக்கிறன்" என்றேன். "ஏணியை விடாத" என்றார். இரண்டு நிமிஷத்தில் அடுத்தது. கீழே மெயின் வால்வு துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது, கிறிஸ்துநாயகம் ஸ்பானர் எடுக்கத் தன் வீட்டுக்கு ஓடிவிட்டார். மூன்றாவது, நாலாவது. ஒவ்வொன்று வரும்போதும் கால் நடுங்கும், போனதும், "நிக்கிறியோ?" என்பார், நான் ஓம் என்பேன். எனக்கு ஒரு செபமும் வரவில்லை மகன், ஓம் ஓம் என்பதுதான் வந்தது. ஏழாவது பிளேன் போகும்போது தண்ணீர் நின்றது. அப்பா உடனே இறங்கவில்லை, கையை எடுக்க முடியாமல் விறைத்துவிட்டது, ஒவ்வொரு விரலாக எடுத்து மெல்ல இறங்கினார். உடம்பெல்லாம் ஈரம், உதடு நீலம். இறங்கினதும் முதல் கதை, "இந்தக் குழாய்க்கு ஒரு சாக்காவது சுத்தி விட்டிருக்கக் கூடாதோ, என்ன வேலை பாத்திருக்கிறாங்கள்" என்பதுதான். மிஸஸ் பெல்லமி அவருடைய இரண்டு கையையும் தன் கைக்குள் பிடித்துத் தேய்த்துக்கொண்டே நின்றா.

வீட்டுக்குக் கூட்டி வந்து றேடியேற்றருக்கு முதுகு கொடுத்து இருத்தி, போர்வையால் சுற்றி, இஞ்சித் தேத்தண்ணீர் கொடுத்தேன். சவுத்தால் அறை என்றால் அன்றைக்கே நெஞ்சில் சளி விழுந்து திரும்ப ஆஸ்பத்திரிதான். அரை மணித்தியாலத்தில் முகத்துக்கு நிறம் வந்தது, அடுத்த நாள் ஒரு தும்மல்கூட இல்லை. நான் அவரிடம் கேட்டேன், எப்படி நின்றீர்கள் என்று. "கையை விட்டா சீலிங் இடிஞ்சு உன்ர தலையிலயும் கிழவியின்ர தலையிலயும் விழும். குனியிறதெண்டா கையை விடவேணும். அதால குனியேல்ல" என்றார். பயம் போய்விட்டது என்று நினைக்காதே, போகவில்லை. ஆனால் திங்கட்கிழமை தானாகவே பக்கத்து வீட்டுக்குப் போய் உடைந்த குழாயை மாற்றினார், எல்லாக் குழாய்க்கும் உறை சுற்றினார். கிறிஸ்துநாயகம் கவுன்சிலில் வயதானவர்களுக்கு லொவ்ட்டில் பஞ்சு விரித்துக் கொடுப்பதற்கான படிவம் எடுத்து வந்து நிரப்பினார், போன வியாழக்கிழமை ஆட்கள் வந்து விரித்துவிட்டார்கள். அந்நிய ஆட்கள் உள்ளே வருகிறார்கள் என்று கிழவி பதற, அப்பா காலையிலிருந்து அங்கேயே கதிரை போட்டு இருந்து வேலையைப் பார்த்துக்கொண்டார். அவருக்கு இங்கிலிஷ் தெரியாது, அவவுக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேரும் என்ன கதைக்கிறார்களோ, நாள் முழுக்கக் கதைக்கிறார்கள்.

நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தார். காதில் பஞ்சு வைத்து, அதன் மேல் கம்பளித் தொப்பியையும் இழுத்து விட்டுக்கொண்டு. கோயிலுக்குப் பத்து நிமிஷ நடை, எங்களுக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. ஒவ்வொரு பிளேனுக்கும் நின்றோம். அவர் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார், அது போனதும் கண்ணைத் திறந்து நடப்பார். தெருவால் போன சனம் பார்த்தது, பார்க்கட்டும். நற்செய்தி வாசிக்கும்போதுதான் உள்ளே நுழைந்தோம், லூர்தம்மா திரும்பிப் பார்த்து, முழங்கால் வருத்தத்தோடு எழும்பி இடம் விட்டா. அந்தப் பூசையை நான் உனக்காகத்தான் ஒப்புக்கொடுத்தேன்.

டொலறஸுக்குச் சித்திரையில் நேர்ஸிங் சோதனை, அவளுக்கும் ஒரு கடிதம் போடு, அண்ணை தன்னை மறந்துவிட்டார் என்கிறாள். பக்டரியில் இரண்டு கையுறை போட்டுக்கொண்டு வேலை செய், உள்ளே பருத்தி, வெளியே றபர், ஈரக் கையோடு வெளிக் கூதலில் நிற்காதே. உன் அறையில் கூடப் படுக்கும் பொடியன்களோடு சமையலுக்குச் சண்டை பிடிக்காமல் முறை வைத்துச் சமையுங்கள். அங்கே மாதத்துக்கு ஒரு முறையாவது பூசை வைக்கச் சுவாமி வருவார் என்று எழுதினாய், அன்றைக்கு வேலை என்று சாட்டுச் சொல்லாதே. இனி நானும் உனக்குப் பொய் எழுத மாட்டேன், நீயும் எனக்கு உள்ளதை உள்ளபடி எழுது, கஷ்டம் இருந்தால் கஷ்டம் என்றே எழுது, தாங்கிக்கொள்வேன்.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா குசினிக்குள் வந்தார். என்னைத் தாண்டிப் போய் உள் யன்னலைத் தள்ளினார், பிறகு வெளி யன்னலையும் திறந்தார். நாங்கள் வந்த நாளிலிருந்து ஒருவரும் திறக்காத யன்னல், சத்தமும் கூதலும் ஒன்றாக உள்ளே வந்தன, என் கடிதத் தாள் பறந்தது, பிடித்துக்கொண்டேன். ஒரு பிளேன் வந்துகொண்டிருந்தது. அவர் இரண்டு கையாலும் சிங்க் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது வந்து, வீட்டுக்கு மேலால் போய், சத்தம் அடங்கும் வரை நின்றார். பிறகு வெளி யன்னலைப் பூட்டினார், உள் யன்னலையும் பூட்டினார். ஏன் பூட்டினீர்கள், பயமா என்று கேட்டேன். "இல்லை, கூதல் வருகுது. வீடு ஆறிப்போகும்" என்றார்.

உன் தலையில் கை வைத்து நானும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம், மடு மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும். அடுத்த ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு ரெலிபோன் எடு, மறக்காதே, அப்பா கதைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

என்றும் உன்னை நினைக்கும் அம்மா,
பஸ்தியாம்பிள்ளை மேரிறோஸ்